ஜூன் தேர்வும் ஃப்ளூ காய்ச்சலும்: விடுதியில் இருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?

எட்டாம்_எண்_அறை
ஏப்ரல் 9, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் டர்பன், சாட்ஸ்வொர்த். ஜொஹானஸ்பர்க்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விடுதியில் ஓர் அறைக்கு இருவர். போன ஆண்டு நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

ஜூன் தேர்வு தொடங்கி மூன்றாம் நாள். காலையில் நன்றாகத்தான் எழுந்தேன். பதினொரு மணி வாக்கில் நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோது திடீரென்று உடம்பு நடுங்க ஆரம்பித்தது. அறைக்கு நடந்து வருவதற்குள் தொடையும் இடுப்பும் அடித்துப் போட்டதுபோல் வலி. சாயங்காலம் காய்ச்சல் 39.4. மறுநாள் கணக்கியல் தேர்வு. இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். முதல் கேள்வியை நான்கு முறை படித்தேன், ஒன்றும் ஏறவில்லை. நடுவில் இருமல் வந்தபோது சுவெட்டர் கையில் வாயைப் பொத்திக்கொண்டேன். 38 மதிப்பெண் வந்தது.

மதிப்பெண் போனது போகட்டும், மறுபடி எழுதித் தேறிவிட்டேன். என்னால் மறக்க முடியாதது வேறு. எனக்கு வந்த மூன்றாம் நாள் என் அறைத்தோழிக்குக் காய்ச்சல் கண்டது. அவள் தேர்வை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அடுத்த வாரம் அவளுடைய பாட்டி நிமோனியாவோடு மருத்துவமனையில். பதினொரு நாள். பிழைத்துக்கொண்டார். என்னிடமிருந்துதான் போனது என்று யாரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பாட்டி எனக்கு அனுப்பிய ஊறுகாய் பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

இந்த ஆண்டு அப்படி நடக்கக் கூடாது. ஊசி எப்போது போட வேண்டும்? ஒரே அறையில் ஒருவருக்கு வந்தால் மற்றவர் எப்படித் தப்பிப்பது? தேர்வு நாளில் வந்தால் என்ன வழி? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


மருந்துக்கடை_அக்கா
ஏப்ரல் 9, இரவு 10.05

தங்கை, ஊசியை இந்த வாரமே போட்டுக்கொள். நான் டர்பனில் மருந்தாளுநராக இருக்கிறேன். மே கடைசியில் மாணவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்து "இப்போது ஊசி போடலாமா?" என்று கேட்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஊசி போட்ட பிறகு உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் திரட்டிக்கொள்ள ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். நம் தென்னாப்பிரிக்காவில் ஃப்ளூ பருவம் பெரும்பாலும் ஏப்ரல் கடைசிக்கும் ஜூனுக்கும் இடையில் தொடங்கும். 2025-இல் மார்ச் கடைசி வாரத்திலேயே தொடங்கிவிட்டது. ஆகவே காத்திருப்பதில் எந்த லாபமும் இல்லை.

போன ஆண்டு போட்ட ஊசி இந்த ஆண்டுக்கு ஆகாது. கிருமி தன் மேல்தோலை மாற்றிக்கொண்டே இருக்கிறது. தென் அரைக்கோளத்துக்கு அடுத்த குளிர்காலத்தில் எந்த வகைகள் வரக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் செப்டம்பர் மாதம் கூடி முடிவு செய்கிறது. அதன்படி தயாரான மருந்துதான் மார்ச் மாதவாக்கில் எங்கள் குளிர்பெட்டிக்கு வருகிறது. நன்றாகப் பொருந்திய ஆண்டுகளில் மருத்துவரைத் தேடிப் போகும் அளவுக்கு ஃப்ளூ வரும் வாய்ப்பை 40 முதல் 60 விழுக்காடு வரை குறைக்கிறது. முழுக் கவசம் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊசியையும் மீறி வந்தால், படுக்கையில் போடும் அளவுக்குக் கடுமையாகாமல் பெரும்பாலும் தடுக்கிறது.

பணம் பற்றி: அரசு கிளினிக்கில் இலவச ஊசி எல்லோருக்கும் இல்லை. கர்ப்பிணிகள், 65 வயது தாண்டியவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், இதயம், நுரையீரல், நீரிழிவு போன்ற நாட்பட்ட நோய் உள்ளவர்கள், மருத்துவப் பணியாளர்கள் ஆகியோருக்கு முதலிடம். உனக்கு ஆஸ்துமா இருந்தால் போய்க் கேள். உன் தோழியின் பாட்டிக்கு வயது 65-க்கு மேல் என்றால் அவருக்கும் உண்டு. மற்றவர்கள் மருந்துக்கடையில் காசு கொடுத்துப் போட வேண்டும். பெற்றோரின் மெடிக்கல் எய்டில் (மருத்துவக் காப்பீட்டில்) உன் பெயர் இருந்தால் முதலில் அவர்களிடம் விசாரி. பல திட்டங்கள் ஆண்டுக்கு ஒரு ஃப்ளூ ஊசியின் செலவை ஏற்கின்றன. இது தெரியாமலே எத்தனையோ பிள்ளைகள் கையில் இருக்கும் பணத்தைச் செலவழிக்கிறார்கள்.


ஃபீனிக்ஸ்_தம்பி
ஏப்ரல் 9, இரவு 10.31

அக்கா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் முதலாம் ஆண்டில் ஊசி போட்ட மூன்றாம் நாளே எனக்குக் கடுமையான காய்ச்சல். ஒரு வாரம் எழுந்திருக்கவில்லை. அம்மா இனி ஊசியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள்.


மருந்துக்கடை_அக்கா
ஏப்ரல் 9, இரவு 10.50

தம்பி, நீ பட்டது நிஜம், அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். காரணத்தை மட்டும் யோசித்துப் பார். நாங்கள் போடும் ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது. செயலிழந்த கிருமியின் துண்டுகள்தான். அவற்றால் ஃப்ளூவை உண்டாக்க முடியாது. கை வலிக்கும், ஒரு நாள் லேசாக உடம்பு சுடும், அவ்வளவுதான். ஒரு வாரம் படுத்தாய் என்றால் கிருமி வேறு வழியாக வந்திருக்கிறது. உடம்புக்குள் நுழைந்து ஒன்று முதல் நான்கு நாளில் நோய் காட்டும். நீ ஊசிக்கு வரிசையில் நின்ற அன்று காலையிலேயே யாரோ உனக்குக் கொடுத்திருக்கலாம். எந்த மாதத்தில் போட்டாய்?


ஃபீனிக்ஸ்_தம்பி
ஏப்ரல் 9, இரவு 10.58

ஜூன் மாதம். விடுதியில் ஏற்கனவே நான்கைந்து பேர் படுத்திருந்தார்கள். அதைப் பார்த்துப் பயந்துதான் போட்டேன்.


மருந்துக்கடை_அக்கா
ஏப்ரல் 9, இரவு 11.02

அம்மாவிடம் இதை அப்படியே சொல், தம்பி.


இரவுப்பணி
ஏப்ரல் 10, காலை 7.45

வார்டிலிருந்து இப்போதுதான் வந்தேன். செவிலியராகப் பதினான்கு ஆண்டு. தங்கை எழுதிய ஒரு வரியைப் படித்ததும் பதில் எழுதாமல் தூங்கப் போக மனமில்லை: "இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டுப் போய் உட்கார்ந்தேன்." மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்குகிறது, கிருமியைத் தொடுவதே இல்லை. உடம்பு தணிந்ததும் நன்றாகிவிட்டோம் என்று நினைத்து எழுந்து நடக்கிறோம். ஃப்ளூ வந்தவர் நோய் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரப்ப ஆரம்பிக்கிறார். தெரிந்த பிறகு இன்னும் ஐந்து முதல் ஏழு நாள் வரை பரப்புகிறார். முதல் மூன்று நாள்தான் மிகக் கொடுமை. மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் வெளியே போக வேண்டும்.

சாதாரணச் சளிக்கும் இதற்கும் வேறுபாடு கேட்பவர்களுக்கு: சளி மெல்ல வரும். தொண்டை கரகரக்கும், மூக்கு ஒழுகும், நீங்கள் நடமாடிக்கொண்டே இருப்பீர்கள். ஃப்ளூ எந்த மணி நேரத்தில் வந்தது என்றே சொல்லிவிடலாம். தங்கை "பதினொரு மணி வாக்கில்" என்று எழுதியிருக்கிறாள் பாருங்கள், அதுதான் ஃப்ளூ.

எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மூச்சு வாங்கினால், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியாவிட்டால், நெஞ்சு வலித்தால், பேச்சு குழம்பினால், உதடு நீலம் பாய்ந்தால், நாள் முழுக்கச் சிறுநீர் போகாவிட்டால் காத்திருக்கக் கூடாது. இன்னொன்றைப் பலரும் தவறவிடுகிறார்கள். நான்காம் நாள் நன்றாகி, ஆறாம் நாள் மறுபடியும் காய்ச்சலும் இருமலும் முன்னைவிடக் கடுமையாக வந்தால் அது பெரும்பாலும் நுரையீரலில் பாக்டீரியா புகுந்ததன் அடையாளம். "மிச்சக் காய்ச்சல்" என்று சொல்லிக்கொண்டு படுத்திருந்த பத்தொன்பது வயதுப் பையனுக்கு நான் ஆக்சிஜன் வைத்திருக்கிறேன். ஆம்புலன்சுக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112. இரண்டையும் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள்.

இருமல் இரண்டு வாரம் தாண்டினால் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நம் நாட்டில் இதைச் சொல்லாமல் இருமலைப் பற்றிப் பேசவே கூடாது.


மூன்று_பிள்ளைகளின்_அம்மா
ஏப்ரல் 10, காலை 10.12

ஜொஹானஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து எழுதுகிறேன். என் மூத்தவன் கேப்டவுனில் படித்தபோது அவனுக்கு இதே நிலை வந்தது. தொலைபேசியில் "நன்றாக இருக்கிறேன் அம்மா" என்று மூன்று நாள் ஏமாற்றினான். நான்காம் நாள் குரலே வரவில்லை. நான் இங்கே, அவன் அங்கே, நடுவில் ஆயிரத்து நானூறு கிலோமீட்டர். ஆகவே பிள்ளைகளுக்கு என் முதல் வேண்டுகோள்: அம்மாவிடம் மறைக்காதீர்கள். நாங்கள் பயப்படுவோம்தான், அந்தப் பயத்தைத் தாங்கிக்கொள்வதும் எங்கள் வேலைதான்.

அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலில் பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி கட்டிக் கொடுக்கிறேன். காய்ச்சல்மானி, பாரசிட்டமால் ஓர் அட்டை, முகக்கவசம் பத்து, தேன் ஒரு சின்ன பாட்டில், ஒரு நல்ல பிளாஸ்க். பிளாஸ்க் எதற்கென்றால், மின்வெட்டு எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல முடியாது. காய்ச்சலோடு இருப்பவன் வெந்நீருக்காகப் பொதுச் சமையலறைக்கு நான்கு தடவை நடக்கவும் கூடாது. அப்புறம் ரசப்பொடி. கெட்டில் வெந்நீரில் இரண்டு கரண்டி பொடி, கொஞ்சம் புளிக்கரைசல், உப்பு. அடுப்பே வேண்டாம். நாக்குச் செத்துப்போன நேரத்தில் அது ஒன்றுதான் உள்ளே இறங்கும். ரசம் ஃப்ளூவைக் குணமாக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. நீர் உள்ளே போக வேண்டும், உப்பு போக வேண்டும், பிள்ளை ஒரு வாய் ஆசையாகக் குடிக்க வேண்டும். கூடவே அவல். ஊற வைத்தால் போதும்.

எட்டாம் எண் அறைப் பெண்ணே, நீ ஜொஹானஸ்பர்க்கில்தானே இருக்கிறாய்? தனிமடலில் விடுதிப் பெயரைச் சொல். ரசப்பொடி கொடுத்தனுப்புகிறேன்.


ஃபீனிக்ஸ்_தம்பி
ஏப்ரல் 10, மதியம் 1.30

ஆவி பிடிப்பதை யாரும் சொல்லவில்லையே? எங்கள் ஆயா எதற்கெடுத்தாலும் ஆவிதான். யூகலிப்டஸ் இலை போட்டு.


இரவுப்பணி
ஏப்ரல் 10, மாலை 5.20

தம்பி, ஆயாவின் கை வேறு, விடுதி அறை வேறு. ஆயா தரையில் அகலமான பாத்திரம் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, போர்வையைப் பிடித்துக்கொண்டு கொடுத்தார். விடுதியில் என்ன நடக்கிறது தெரியுமா? கட்டில்மேல் பிளாஸ்டிக் வாளி, கெட்டிலிலிருந்து கொதிநீர், தலைக்கு மேல் துண்டு, உடம்பில் 39 டிகிரி. கை நடுங்குகிறது. இரண்டு தொடையும் வெந்துபோன ஒரு மாணவிக்கு ஆறு வாரம் கட்டு மாற்றினோம். ஃப்ளூ ஐந்து நாளில் போய்விட்டது. தழும்பு இன்னும் இருக்கும். ஆவி பிடிப்பதால் ஃப்ளூ சீக்கிரம் குணமாவதும் இல்லை. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு விடுங்கள். வெந்நீரில் குளிக்கும்போது வரும் ஆவியே போதும்.


மாரிட்ஸ்பர்க்_வாத்தியார்
ஏப்ரல் 11, காலை 6.40

பிள்ளைகள் அக்கறையோடு பேசிக்கொள்வதைக் காலையில் படித்தேன். மகிழ்ச்சி. நான் வாரக் கடைசித் தமிழ்ப் பள்ளியில் முப்பது ஆண்டு பாடம் சொன்னவன். மருத்துவம் தெரியாது. ஒரு பழைய செய்தியும் ஒரு கோயில் செய்தியும் சொல்கிறேன்.

இளம் வயதுக்கு ஃப்ளூ ஒன்றும் செய்யாது என்ற எண்ணம் மாணவர்களிடம் இருக்கிறது. 1918 செப்டம்பரில் போரிலிருந்து திரும்பியவர்களை ஏற்றி வந்த இரண்டு கப்பல்கள் கேப்டவுனில் ஒதுங்கின. அதன் பிறகு வந்த அக்டோபரைத்தான் நம் நாட்டு வரலாற்றில் கறுப்பு அக்டோபர் என்கிறார்கள். சில வாரங்களில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் மடிந்தார்கள். அவர்களில் மிகுதியானவர்கள் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்டவர்கள். என் அப்பாவைப் பெற்ற பாட்டி அப்போது கரும்புத் தோட்டத்து லைன் வீட்டில் சிறுமி. தண்ணீர் தூக்கிக் கொடுக்கும் அளவுக்குத் திடமாக நின்றவள் அந்த வரிசையில் தான் ஒருத்திதான் என்று சொல்வார். வாசலில் சொம்பை வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு நகர்ந்து நிற்க வேண்டும் என்று யாரோ ஒரு பெரியவர் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். மருந்தில்லாத அந்தக் காலத்தில் அந்தப் பெரியவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாதா?

கோயில் செய்தி: ஜூலையும் ஆகஸ்டும் நமக்கு ஆடிக் கூழ் ஊற்றும் காலம். குளிர்காலத்தின் நடு. விடுமுறைக்கு வந்த மாணவர்கள், குழந்தைகள், முதியவர்கள் எல்லோரும் ஒரே பந்தலில். நான் சிறுவனாக இருந்தபோது நாலைந்து செம்புதான், ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து அடுத்தவருக்குக் கொடுப்போம். எங்கள் கோயிலில் அதை நிறுத்தச் சொல்லி நான் பேசியபோது, அம்மன் பிரசாதத்தில் நோய் வருமா என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். கூழில் வராது ஐயா, செம்பின் விளிம்பில் வரும் என்றேன். இப்போது வீட்டுக்கு வீடு அவரவர் தம்ளரைக் கொண்டு வருகிறார்கள். காய்ச்சல் உள்ளவர் வீட்டுக்கு ஒரு தூக்கில் ஊற்றிக் கொடுத்தனுப்புகிறோம். அம்மனுக்கு ஒரு குறையும் வரவில்லை.


இன்ஹேலர்
ஏப்ரல் 11, இரவு 8.15

கேப்டவுனிலிருந்து. எனக்குச் சிறு வயதிலிருந்து ஆஸ்துமா. என்னைப் போன்றவர்களுக்கு ஃப்ளூ என்றால் ஒரு வாரப் படுக்கை என்பதோடு முடிவதில்லை. இரண்டு ஆண்டுக்கு முன் இரவு இரண்டு மணிக்கு நீல நிற இன்ஹேலரை அழுத்துகிறேன், காற்று மட்டும் வருகிறது. மருந்து தீர்ந்து எத்தனை நாளோ. அறைத்தோழன் என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு மூன்று மாடி இறக்கினான். அதிலிருந்து ஏப்ரல் முதல் வாரத்தில் கிளினிக்கில் இலவச ஊசி, புது இன்ஹேலர், அன்றாடம் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரை ஒரு நாளும் விடுவதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். ஒசெல்டாமிவிர் என்ற மாத்திரை ஃப்ளூவையே குறிவைக்கும் என்கிறார்களே, அது எல்லோருக்கும் உண்டா?


மருந்துக்கடை_அக்கா
ஏப்ரல் 11, இரவு 9.00

உண்டு, ஆனால் மருத்துவர் சீட்டு வேண்டும். நோய் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். உங்களைப் போல ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் ஆகியோருக்கு அது முக்கியம். நல்ல உடம்பு உள்ள இருபது வயதுக்காரருக்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்னதாகத் தேறும், அவ்வளவுதான். ஆகவே நீங்கள் முதல் நாளே மருத்துவரைப் பாருங்கள், "பார்க்கலாம், நாளைக்குச் சரியாகும்" என்பது உங்களுக்கு ஆகாது. ஆன்டிபயாட்டிக் ஃப்ளூ கிருமியை ஒன்றும் செய்யாது. அண்ணன் மிச்சம் வைத்த மாத்திரை, தோழியின் பாதிப் பட்டை எதையும் வாங்கிப் போடாதீர்கள்.

எச்.ஐ.வி. என்று இரண்டு முறை எழுதிவிட்டேன், அதைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டில் ஏறத்தாழ 80 லட்சம் பேர் அதோடு வாழ்கிறார்கள். உங்கள் மாடியிலும் மருந்து எடுப்பவர் இருக்கலாம், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். சொல்லவும் வேண்டியதில்லை. காய்ச்சலோடு பொது அறையில் வந்து உட்காராமல் இருப்பது அவருக்கும் சேர்த்துத்தான்.

இன்னொரு ஆபத்தை நான் ஒவ்வொரு குளிர்காலமும் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன். பாரசிட்டமால் ஒரு நாளைக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் போகக் கூடாது. ஒரு மாணவர் மாத்திரை எட்டும் போடுகிறார். தொண்டைக்கு இதமாக எலுமிச்சைச் சுவைப் பொட்டலத்தை வெந்நீரில் கலக்கிக் குடிக்கிறார். அதிலும் பாரசிட்டமால். தலைவலிக்கு மூலைக்கடையில் ஒற்றையாக விற்கும் பொடியை வாங்கி நாக்கில் கொட்டிக்கொள்கிறார். அவற்றில் பலவற்றில் பாரசிட்டமாலும் ஆஸ்பிரினும் கலந்தே இருக்கும். மூன்றையும் கூட்டினால் ஈரல் தாங்காது. பெயர்கள் வேறு வேறாக இருப்பதால் மூன்று மருந்து என்று நினைக்கிறார்கள். முதலாம் ஆண்டில் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இருக்கிறீர்கள். உங்கள் வயதுக்கு ஃப்ளூவின்போது ஆஸ்பிரின் கூடவே கூடாது. ரேய் நோய் என்று மூளையையும் ஈரலையும் தாக்கும் ஓர் அரிய கோளாறு வரலாம். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். எழுத்து சின்னதாக இருந்தால் எங்களிடம் கேளுங்கள், படித்துச் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.


எட்டாம்_எண்_அறை
ஏப்ரல் 12, இரவு 7.30

எல்லோருக்கும் நன்றி. இன்று ஊசி போட்டுவிட்டேன். அப்பாவின் மெடிக்கல் எய்டு ஏற்றுக்கொண்டது, அக்கா சொன்னபடியே. கை கொஞ்சம் கனக்கிறது.

அறை பற்றியும் டாக்ஸி பற்றியும் யாராவது சொல்லுங்கள். வளாகத்துக்கு மினிபஸ் டாக்ஸியில்தான் போகிறேன். பதினைந்து பேர். ஜூன் காலையில் வெளியே உறைபனிக் குளிர், எல்லாச் சன்னலும் மூடியிருக்கும், கண்ணாடியில் மூச்சுப் படிந்து வெளியே எதுவும் தெரியாது. திறந்தால் எல்லோரும் திட்டுகிறார்கள்.


இரவுப்பணி
ஏப்ரல் 13, காலை 8.05

அந்தக் கண்ணாடியில் படிந்திருப்பது பதினைந்து பேரின் மூச்சு. காசநோய்க்காகவும் டாக்ஸிச் சன்னலைத் திறக்கச் சொல்கிறோம், ஃப்ளூவுக்கும் அதே வழிதான். முழுக்கத் திறக்க வேண்டாம். இரண்டு பக்கமும் நான்கு விரல் அகலம் திறந்தால் காற்று குறுக்கே ஓடும். ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து, வணக்கம் சொல்லி, மரியாதையாகக் கேட்டால் பல ஓட்டுநர்கள் திறந்துவிடுகிறார்கள். நாள் முழுக்க எல்லோருடைய இருமலையும் சுமப்பவர் அவர்தான். முகக்கவசம் போட்டுக்கொள். 2020-க்குப் பிறகு யாரும் அதைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

ஜொஹானஸ்பர்க்கின் குளிர்கால வறட்சியையும் கணக்கில் எடுத்துக்கொள். டர்பனின் ஈரக்காற்றில் வளர்ந்தவளுக்கு அங்கே மூக்கு காய்ந்து வெடிக்கும். வறண்ட காற்றில் ஃப்ளூ கிருமி அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறது. சன்னலை அடைத்து ஹீட்டரைப் போட்டால் இன்னும் வறளும்.

ஒரே அறையில் ஒருவருக்கு வந்தால்: தலைமாடுகளை எதிரெதிர்ப் பக்கம் மாற்றுங்கள். சன்னல் இரண்டு விரல் திறந்திருக்கட்டும், போர்வை இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இருவரும் அறைக்குள் கவசம். குவளை, துண்டு, கைப்பேசிச் சார்ஜர் கூடப் பொதுவில் வேண்டாம். கெட்டில் பிடி, கதவுப் பிடி, குழாய் ஆகியவற்றை நாளுக்கு இரு முறை சோப்புநீரால் துடையுங்கள். வழவழப்பான பரப்பில் கிருமி ஒரு நாள், சில வேளை இரண்டு நாள் கிடக்கும். கையைச் சோப்பு போட்டு இருபது வினாடி. வேறு அறையில் தரையில் படுக்க யாராவது இடம் கொடுத்தால் போய்விடு. அதில் நட்புக்குக் குறைவு ஒன்றுமில்லை.


இன்ஹேலர்
ஏப்ரல் 13, மாலை 6.10

தேர்வு பற்றி நான் சொல்கிறேன், இரண்டு முறை பட்டவன். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் நோயால் எழுத முடியாதவருக்குச் சிறப்புத் தேர்வு உண்டு. ஆனால் விதிகளில் ஒரு முள் இருக்கிறது. அரங்குக்குள் போய்த் தாளில் எழுத ஆரம்பித்துவிட்டால் பல இடங்களில் அந்த உரிமை போய்விடும். எட்டாம் எண் அறைத் தோழிக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும். 39 டிகிரியோடு போய் எழுதியதால் 38 மதிப்பெண்ணே அவர் மதிப்பெண் ஆகிவிட்டது. போகாமல் அன்றே மாணவர் கிளினிக்குக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியிருந்தால் சிறப்புத் தேர்வு கிடைத்திருக்கும்.

சான்றிதழில் தேர்வு நாள் அடங்கியிருக்க வேண்டும். "நோயாளி தனக்குக் காய்ச்சல் என்று கூறினார்" என்று எழுதிய சான்றிதழைச் சில துறைகள் ஏற்பதில்லை, "பரிசோதித்தேன்" என்று இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு நாள் கெடு உண்டு, அது பல இடங்களில் மிகக் குறைவு. உங்கள் பல்கலைக்கழக விதிப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தை இப்போதே, உடம்பு நன்றாக இருக்கும்போதே, படம் எடுத்து வையுங்கள். காய்ச்சலில் விதிப்புத்தகம் படிக்க முடியாது.


எட்டாம்_எண்_அறை
ஏப்ரல் 13, இரவு 9.45

இது எனக்குத் தெரியவே தெரியாது. போன ஆண்டு யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் நான் அந்த அரங்குக்கே போயிருக்க மாட்டேன். அங்கே எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்ணும் என் இருமலிலிருந்து தப்பியிருப்பாள். எங்கள் மாடி அறிவிப்புப் பலகையில் நாளைக்கே எழுதி ஒட்டுகிறேன்.


எட்டாம்_எண்_அறை
ஜூன் 6, இரவு 8.50

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். செவ்வாய்க்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு அறைத்தோழி எழுப்பினாள். பல் கிட்டிக்கொண்டது, 39.1. ஊசிக்கு நாள் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தவள். அன்று ஒன்பது மணிக்கு அவளுக்குப் புள்ளியியல் தேர்வு. எழுந்து சட்டை மாற்ற ஆரம்பித்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பலகையில் ஒட்டிய தாளின் படத்தைக் காட்டினேன். அழுதாள். எட்டு மணிக்குக் கிளினிக் வாசலில் முதல் ஆளாக நின்றோம். பரிசோதித்தார்கள், ஃப்ளூதான் என்றார்கள். மருத்துவர் சான்றிதழில் செவ்வாய் முதல் வெள்ளி வரை எழுதிக் கொடுத்தார். பதினோரு மணிக்குள் விண்ணப்பத்தைத் துறை அலுவலகத்தின் பெட்டியில் போட்டுவிட்டேன். சிறப்புத் தேர்வு ஜூலையில்.

நான் பக்கத்து அறையில் தரையில் படுக்கிறேன். எனக்கு இதுவரை ஒன்றும் வரவில்லை. மாடியில் ஆறு பேர் முறை வைத்துக்கொண்டோம். வாத்தியார் ஐயா சொன்னது போலத்தான், வாசலில் பிளாஸ்க்கை வைத்துக் கதவைத் தட்டிவிட்டு நகர்ந்து நிற்கிறோம்.

இந்த வாரக் கடைசியில் அவளுடைய பாட்டிக்குப் பிறந்தநாள். போக வேண்டாம் என்று அவளே முடிவு செய்தாள். காணொளியில் பேசினார்கள், என்னையும் கூப்பிட்டார். பாட்டி சட்டைக் கையைச் சுருட்டி, ஏப்ரலில் கிளினிக்கில் ஊசி போட்ட இடத்தைக் காட்டினார். "ஊறுகாய் தீர்ந்திருக்குமே" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

இன்று காலை அவளுக்கு 37.2, மாத்திரை இல்லாமலே. அவல் போதும், ரசம்தான் வேண்டும் என்கிறாள். லெனேசியா அம்மா, உங்கள் பொடி இரண்டு கரண்டிதான் மீதி இருக்கிறது.


மூன்று_பிள்ளைகளின்_அம்மா
ஜூன் 6, இரவு 9.04

நாளைக்கு மதியம் இரண்டு மணிக்கு விடுதி வாசலுக்கு வருகிறேன். புதிதாக அரைத்தது. தம்ளரும் ஆறு எடுத்து வருகிறேன், ஆளுக்கு ஒன்று.